தண்டவாளத் துண்டும் என் ஜாஸ் அஞ்சலியும்

என் டிரம் வாசிப்பைக் கேட்டு முந்நூறு பேர் ஒரே சமயத்தில் தரையில் விழுந்திருக்கிறார்கள். (சத்தியம். சாட்சிகள் சிலர் இன்னும் முழங்காலைத் தடவிக்கொண்டிருக்கிறார்கள்.)

மலாயாவில் கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்டிருந்த வருஷங்கள். லிங்கிப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்கள். பாஸ் இல்லாமல் வெளியே போக முடியாது. நான் புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட் உலர்த்துபவன். மிச்ச நேரத்தில் ஒரு ஜாஸ் பேண்டின் தலைவன். பேண்ட் என்றால் டிரம்பெட் செல்வம், அக்கார்டியன் ஜோசப், நான். சிரம்பானில் ஒரு மேடை ஏறிவிட வேண்டும் என்பது மூவரின் ஆசை.

பாஸ் கேட்டதற்குத் தோட்ட மேனேஜரான வெள்ளைக்காரத் துரையின் பதிலை, கணக்கெழுதும் கிராணியார் காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு முடித்ததும் சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் பெரட்டுக் களத்துல வாசிச்சுக் காட்டுங்க. தொரைக்குப் புடிச்சா பாஸ். புடிக்கலன்னா கம்பிக்குள்ளயே கெடங்க."

என்ன வாசிப்பது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை: முன்னோர்க்கு அஞ்சலி. முதலாமவர், துரைமார் கிளப்பில் கழித்துப்போட்ட இசைத்தட்டில் நான் கேட்டுப் பழகிய அமெரிக்க டிரம்மர். (லேபிள் கிழிந்துபோனதால் குருவின் பெயர் இன்றுவரை தெரியாது.) அடுத்தவர், எங்கள் தோட்டத்தில் தப்படித்த சின்னப்பன். யுத்த காலத்தில் சயாம் ரயில் போட ஜப்பான்காரன் இழுத்துக்கொண்டு போய், திரும்பி வராதவர். சாவோ கல்யாணமோ, கடைசியில் பதினாறு அடி விடாமல் அடித்துத்தான் குச்சியைக் கீழே வைப்பார். அந்தப் பதினாறையும் அடிக்காமல் எழுந்திருப்பதில்லை என்று சபதம் எடுத்தேன்.

சனிக்கிழமை என் தாளத்தட்டு விரிசல் விட்டது. சும்மா இருப்பேனா? காலையில் ஆட்களைப் பெரட்டுக்குக் கூப்பிட அடிக்கும் தண்டவாளத் துண்டு களத்தில் தொங்கியது. ஞாயிறு பெரட்டு கிடையாது. கழற்றிவந்து டிரம்முக்குப் பக்கத்தில் தொங்கவிட்டு, ஆச்சரியமாக இருக்கட்டுமென்று ஒரு கைலிச் சாரம் போட்டு மூடினேன். ரயிலுக்குப் போய்ச் செத்தவருக்குத் தண்டவாளத்திலேயே அஞ்சலி. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்தத் துண்டை நிதானமாக அடித்தால் பெரட்டு. விடாமல் அடித்தால் கம்யூனிஸ்டுகள் சுட வந்துவிட்டார்கள், இருந்த இடத்திலேயே படு. இதைப் போலீஸ் மூன்று ஞாயிறு பயிற்சி கொடுத்துச் சொல்லியிருந்தது. (மூன்று ஞாயிறும் நான் புகைக்கூடத்தில் பிஸ்கட் டின்னோடு என் பயிற்சியில் இருந்தேன்.)

ஞாயிறு மத்தியானம் அமெரிக்கருக்கான அஞ்சலி நன்றாகவே போனது. துரையின் பூட்ஸ் தாளம் போட்டது. சாரத்தை உருவினேன், கண்ணை மூடினேன், பதினாறை ஆரம்பித்தேன்.

மூன்றாவது அடியில் டிரம்பெட் நின்றது. செல்வம் எனக்கு வழிவிடுகிறான் என்று நினைத்தேன். ஐந்தாவதில் ஒரு கண்ணைத் திறந்தேன். களம் முழுக்கக் குப்புறக் கிடந்தது. துரையும் தொப்பியை அழுத்திப் பிடித்தபடி நாற்காலிக்குக் கீழே.

எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. சின்னப்பனுக்குத் தோட்டமே நெடுஞ்சாண்கிடையாக விழுகிறது, வெள்ளைக்காரர் உட்பட. இன்னும் பலமாக அடித்தேன்.

காவலுக்கு நின்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிள் துப்பாக்கியோடு தவழ்ந்து வந்தான்.

"அண்ணே, நிறுத்து லா. எங்கேருந்து சுடுறான்?"

"யாரும் சுடல தம்பி. சின்னப்பனுக்கு இன்னும் நாலு அடி இருக்கு."

குச்சியைப் பிடுங்கிக்கொண்டான். தரையிலிருந்து முகத்தைத் தூக்காமலே என் மனைவி மேரி சொன்னாள்:

"அது எங்க வீட்டு ஆளுதான். சுடணும்னா அவரையே சுடுங்க."

துரை எழுந்து மண்ணைத் தட்டியபடி ஏதோ சொன்னார். கிராணியார் மொழிபெயர்த்தார்.

"பாஸ் கெடையாது. அந்த இரும்ப அடிக்க அவ்ளோ ஆசைன்னா, நாளையிலேருந்து காலைல பெரட்டுக்கு நீயே அடி."

செல்வம் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. நானோ மறுநாள் காலை நிதானமாகப் பெரட்டு அடித்தேன். ஆட்கள் வந்து வரிசையில் நின்றபின், மேலும் நான்கு அடி.

"எல்லாரும் வந்தாச்சே, இது எதுக்குய்யா?" என்றார் கிராணியார்.

"நேத்து விட்டதுங்க."

அவர் பேர் கூப்பிட ஆரம்பித்தார். யாரும் படுக்கவில்லை.

இரண்டு வருஷம் பெரட்டு அடித்தபின் பாஸ் வந்தது. சிரம்பானில் மேடையும் ஏறினோம். ஆனால் பெயர் எடுத்தது அந்த ஞாயிறுதான். பல வருஷம் கழித்து, மகள் கல்யாணத்தில் நான் டிரம் முன் உட்கார்ந்து குச்சியைத் தூக்கியதும், பெண் வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் மண்டபத் தரையில் அமைதியாகக் குப்புறப் படுத்தார்கள். முதல் ஆள் செல்வம்.

சம்பந்தியம்மா பதறிப்போனார். "என்னங்க, சாப்பாட்டுல ஏதும் கோளாறா?"

பட்டுப்புடவையோடு படுத்திருந்த மேரி தலையை மட்டும் திருப்பினாள். "பயப்படாதீங்க சம்பந்தி. எங்க வீட்டுல அவருக்கு இதான் மரியாத."

நான் பதினாறையும் அடித்து முடிக்கும்வரை ஒருவரும் எழவில்லை.