ஆயிரம் மஞ்சப்பைகளும் ஆடிக் காற்றும்

காலநிலைக் கவலையாளர் என்றோர் இனம் நம்மிடையே பெருகி வருகிறது. வரையாடு குறைகிறது, சிட்டுக்குருவி குறைகிறது என்று ஊரே கவலைப்படுகிறதல்லவா? அப்படிக் கவலைப்படுகிறவர்களின் எண்ணிக்கை மட்டும் குறைந்தபாடில்லை. இந்த இனத்தைக் காண நீங்கள் காட்டுக்குப் போக வேண்டாம். திருப்பூரில் காலை நேரத்தில் எந்தப் பேக்கரி வாசலில் நின்றாலும் தட்டுப்படும். ஒரு கையில் டீ, மறு கையில் செல்போன், பின்னால் எஞ்சினை அணைக்காத கார். ஏன் அணைக்கவில்லை என்கிறீர்களா? உள்ளே ஏ.சி. ஓட வேண்டாமா? திரும்பி வந்து உட்காரும்போது சீட் சுட்டால், பூமி சூடாவதைப் பற்றி ஒரு மனிதர் நிம்மதியாக யோசிப்பது எப்படி?

இந்த இனத்தின் உயர்ந்த மாதிரி ஒருவரை உங்களுக்குக் காட்டுகிறேன். பெயர் தரணீதரன். ஊரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். வெள்ளைச் சட்டை, விபூதிக் கீற்று, யாரிடமும் 'ங்க' குறையாத பேச்சு. கெட்ட மனிதர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. சாயக்கழிவு ஓடும் நொய்யல் ஆற்றை நினைத்தால் அவருக்குக் கண் கலங்கும். அவருடைய பனியனுக்கெல்லாம் சாயம் எங்கே ஏறுகிறது என்று கேட்டால் மட்டும், கலங்கிய கண்ணில் ஏதோ தூசு விழுந்துவிடும்.

அவரிடம் இரண்டு வாக்கியங்கள் உண்டு. இரண்டையும் வைத்து அவர் ஒரு வாழ்க்கையையே ஓட்டிவிட்டார். முதலாவது, "கவர்மென்ட் என்னுங்க பண்ணுது?" ஆறு நாறினால், மழை பெய்யாவிட்டால், பெய்து தெருவில் நின்றால், மார்கழியில் வியர்த்தால், அடுத்த தெருக்காரன் குப்பையைக் கொளுத்தினால், டிவியில் பனிமலை உருகினால், எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். இரண்டாவது, "கவர்மென்ட்டுக்கு வேற வேலையே இல்லீங்களா?" கவர்மென்ட் ஏதாவது பண்ணிவிட்டால் இது.

பிளாஸ்டிக்கைத் தடை செய்து சட்டம் வந்தபோது, "சட்டம் போட்டாப் போதுமுங்களா? கடுமையா நடவடிக்கை எடுக்கோணுமுங்க" என்று பேக்கரி வாசலில் முழங்கினார். கடுமையான நடவடிக்கை ஒருநாள் அவர் மைத்துனர் ஈஸ்வரமூர்த்தியின் மளிகைக் கடைக்கு வந்து அபராதம் எழுதியது. "ஏழை வியாபாரிங்க வயித்துல அடிக்கறாங்களே" என்று அன்று மாலையே அதே வாசலில் துடித்துப்போனார். ஏழை வியாபாரிக்கு மூன்று கடைகள் இருந்தன. மழைநீர் சேகரிப்பு? அதெல்லாம் அவர் வீட்டில் எப்போதோ வந்துவிட்டது. குழாய் மொட்டைமாடியில் கம்பீரமாகத் தொடங்கி, சுவரோடு இறங்கி, முழங்கால் உயரத்தில் முடிந்துவிடுகிறது. அதற்குமேல் மழைநீர் தன் சொந்த முயற்சியில்தான் நிலத்துக்குள் போய்க்கொள்ள வேண்டும்.

இப்படிப்பட்டவருக்கு ஓர் ஆசை இருந்தது. மேடையில் ஒரு நாற்காலி. எத்தனையோ விழாக்களுக்கு நன்கொடை கொடுத்தவர்தான். என்றாலும் அவருக்கு எப்போதும் கீழே, இரண்டாவது வரிசைதான். மைத்துனரோ கோயில் கமிட்டி, பள்ளிக்கூட ஆண்டுவிழா என்று மாலையும் கழுத்துமாக மேடையிலேயே குடியிருந்தார். அது தரணீதரனுக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. அந்த நேரத்தில்தான், வார்டுக்கு ஒரு காலநிலைக் குழு அமைக்கப்போவதாகவும், பொதுமக்களில் ஒருவரையே தலைவராகப் போடுவதாகவும் ஒரு சேதி வந்தது. அதிகாரி யாழினி ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் குடியிருப்புப் பூங்காவுக்கு வந்து கருத்துக் கேட்கப்போகிறாராம்.

"கருத்துத்தானுங்களே? நம்மகிட்ட இல்லாத கருத்தா!" என்றார் தரணீதரன்.

"மொதல்ல அந்தக் கொழாயைத் தரை வரைக்கும் எறக்குங்க" என்றாள் மனைவி சித்ரகலா.

குழாய் காதில் விழவில்லை. வெறும் கருத்தோடு போனால் கூட்டத்தில் ஒருவராகிவிடுவோமே என்ற கவலைதான் அவருக்கு. வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு மஞ்சப்பை கொடுத்தால்? துணி நம்முடையது, தையல் நம்முடையது. பேக்கிங் செக்‌ஷனைப் பார்த்துக்கொள்ளும் ரோஸ்மேரியைக் கூப்பிட்டு, "ஆயிரம் மஞ்சப்பை, எக்ஸ்போர்ட் குவாலிட்டில இருக்கோணும். ஒரு கொறை வரக்கூடாது" என்றார். ரோஸ்மேரி தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து பத்து வருடமாக இந்த ஊர் பனியனை மடித்துக்கொண்டிருப்பவள். எக்ஸ்போர்ட் குவாலிட்டி என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஞாயிறு காலை பூங்காவில் அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கின. ஒன்றைத் திறந்து பார்த்த தரணீதரனுக்கு மனம் பூரித்துப்போயிற்று. ஒவ்வொரு பையும் மடிப்புக் கலையாமல், தனித்தனி பாலிகவரில், கம்பெனி ஸ்டிக்கரோடு பளபளத்தது. ஆறு கவருக்கு ஒரு பெரிய கவர். ஈரம் பிடிக்காமலிருக்க ஒவ்வொன்றிலும் ஒரு குட்டிப் பொட்டலம். ஜெர்மனிக்கு அனுப்பினாலும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். அவர் கண்ணுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. முப்பது வருடமாக அந்தக் கண் பார்த்து வந்த அழகு அதுதான்.

சித்ரகலாதான் கேட்டாள். "ஏனுங்க, பிளாஸ்டிக் வேண்டாம்னு குடுக்கற பைக்கு எதுக்குங்க பிளாஸ்டிக்?"

தரணீதரனுக்கு வியர்த்தது. இந்த முறை பூமி காரணமில்லை.

"ரோஸ்மேரி! என்ன பண்ணி வெச்சிருக்கற?"

"எக்ஸ்போர்ட் குவாலிட்டின்னு நீங்கதான சார் சொன்னீய?"

அதிகாரியின் ஜீப் தெருமுனையில் திரும்புவது தெரிந்தது. மேடைக்குப் பின்னால் எல்லோரும் உட்கார்ந்து கவர்களைக் கிழித்தார்கள், உருவினார்கள், வீசினார்கள். மஞ்சப்பைகளை மறுபடி பெட்டிகளில் அடுக்கி, கவர் குவியல் பறக்காமலிருக்கப் பெட்டிகளையே அதன்மேல் பாரமாக ஏற்றி வைத்தார்கள். மாதமோ ஆடி. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து கிளம்பும் காற்று ஆளையே ஓரடி தள்ளி நிற்கவைக்கும்.

மைக்கில் தரணீதரன் பெயரை அழைத்தார்கள். மேடையில் நாற்காலி போட்டிருந்தது. சிவப்பு வெல்வெட் உறை, கைப்பிடி வேறு. அதில் உட்கார்ந்ததும் முதல் வரிசையிலிருந்த ஈஸ்வரமூர்த்தியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மகிழ்ச்சி மிகுதியில், "பெட்டியெல்லாம் மேடைக்குக் கொண்டாங்க!" என்றார்.

கொண்டு வந்தார்கள். பாரம் போயிற்று.

அவர் பேச எழுந்தார். "மேடமுங்க, இந்த ஊர்ல எங்க பார்த்தாலும் பிளாஸ்டிக்குங்க. யாருங்க போடறாங்க? சனங்களுக்கு விழிப்புணர்வே இல்லீங்க! கடுமையா நடவடிக்கை எடுத்தாத்தானுங்க திருந்துவாங்க!" கூட்டம் மெல்ல அண்ணாந்து பார்த்தது. தன் பேச்சு அந்த உயரத்துக்குப் போய்விட்டதென்று அவர் குரலை இன்னும் ஏற்றினார். மேடைக்குப் பின்னாலிருந்து கவர்கள் சாரிசாரியாக எழுந்து, பந்தலைத் தாண்டி, பூங்காவின் புங்கமரங்களில் கிளை பார்த்து உட்கார்ந்துகொண்டிருந்தன. ஒன்று மட்டும் தாழப் பறந்து வந்து மைக்கில் மாட்டிக்கொண்டது.

யாழினி எழுந்து வந்து அதை எடுத்தார். ஸ்டிக்கரைப் படித்தார்.

"மஞ்சப்பை, ஃப்ரீ சைஸ்னு போட்டிருக்கு. கீழே இருக்கறது உங்க கம்பெனி பேருதானே சார்?"

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் சுருண்டிருப்பார்கள். தரணீதரனும் ஒரு நொடி சுருண்டார். ஆனால் இனத்தின் ரத்தம் சும்மா விடுமா?

"அதைத்தானுங்க மேடம் நானும் சொல்றேன். கவர்மென்ட் முன்னாடியே கவரைத் தடுத்திருந்தா, நான் ஏனுங்க வாங்கப்போறேன்?"

கூட்டம் கைதட்டியது. நியாயம்தானே என்று பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்துக்கொண்டது. ஈஸ்வரமூர்த்தி எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார்.

யாழினி சிரித்தார். "நீங்கதான் சார் குழுத் தலைவர். கடுமையா நடவடிக்கை எடுக்கணும்னு சொன்னீங்க. முதல் நடவடிக்கை, மரத்து மேல இருக்கறதை இன்னைக்கே இறக்கிடுங்க."

"ரோஸ்மேரி, நம்ம பொண்ணுகளைக் கூப்பிடு."

"எனக்குக் கோயிலுக்கு நேரமாச்சு சார். அவளுவளுக்கும் இன்னைக்கு லீவு" என்று ரோஸ்மேரி புறப்பட்டுப் போனாள்.

அப்படித்தான் காலநிலைக் குழுத் தலைவர் வெள்ளைச் சட்டையோடு புங்கமரத்தடியில் தொரட்டியும் கையுமாக நின்றார். ஒரு கவரை இழுத்தால் இரண்டு உள்கிளைக்குப் போயின. கழுத்து வலித்தது. சித்ரகலா கீழே விழுந்தவற்றை ஒரு மஞ்சப்பையில் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்க அவருக்கு இன்னும் வலித்தது. பந்தல்காரர் வந்து வெல்வெட் நாற்காலியை மடக்கிய நாற்காலிகளோடு வண்டியில் ஏற்றிப் போனார். வண்டி போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, 'இத்தனையும் நாமதானே பண்ணுனோம்' என்று ஒரு எண்ணம் வந்தது. உண்மையாகவே வெட்கமாக இருந்தது. இந்த எண்ணம் இந்த இனத்துக்கு மிகவும் ஆபத்தானது. கொஞ்சம் வளரவிட்டால் இனமே அழிந்துபோகும்.

நல்லவேளையாக ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது.

"ஏனுங்க, இதெல்லாம் நீங்க பண்ற வேலையாங்க? கவர்மென்ட் என்னுங்க பண்ணுது?" என்றார் ஸ்கூட்டர்க்காரர், எஞ்சினை அணைக்காமல்.

தரணீதரனின் முகம் மலர்ந்தது. வந்த எண்ணம் வந்த வழியே போயிற்று. "அப்படிக் கேளுங்க!" என்று தொரட்டியை மரத்தில் சாய்த்துவிட்டு, ஆற அமரப் பேச வந்தார். ஸ்கூட்டர்க்காரரும் கால் ஊன்றிக்கொண்டு நெடுநேரம் பேசினார். ஊரைத் திட்டினார், ஆட்சியைத் திட்டினார், உலகம் இன்னும் எத்தனை வருடம் தாங்கும் என்பதையும் சொன்னார். பிறகு, வீட்டில் டிபனுக்குக் காத்திருப்பார்கள் என்று கிளம்பினார். வண்டியின் கொக்கியில் பாலிதீன் பை ஒன்று தொங்கியது. அதற்குள் குட்டிக் குட்டிக் கவர்களில் சாம்பாரும் சட்னியும் ஆடிக்கொண்டு போயின.

அவர் யார் என்று கேட்காதீர்கள். ஹெல்மெட் போட்டிருந்ததால் முகம் சரியாகத் தெரியவில்லை. வீண் சந்தேகமும் எனக்கில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்க நினைத்தேன்: அன்றைக்குச் சாம்பார் சிந்தாமல் வீடு போய்ச் சேர்ந்தீர்கள்தானே?