பெட்ரோல் பங்கில் விடப்பட்டவனின் முறையீடு

பெருமதிப்பிற்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையைக் கைப்பிடித்த நாள் முதல் தங்கள் சொல்லைத் தட்டாத அடியேன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் தங்கள் தங்கையும் உயிரோடு இருக்கிறோம். தாங்களும் அக்காவும் அதைவிடச் சற்று மேலான நிலையில் இருப்பீர்கள் என நம்புகிறேன். நலமாக இருக்கிறேன் என்று எழுதலாம்தான். ஆனால் நடந்ததையெல்லாம் படித்துவிட்டு நான் நலமா இல்லையா என்பதைத் தாங்களே தீர்மானிப்பதுதான் முறை.

என் உத்தியோகம் என்னவென்று தங்களுக்குத் தெரியும். இன்சூரன்ஸ் கம்பெனியில் மோதிய வண்டி, கவிழ்ந்த வண்டி, பள்ளத்தில் இறங்கிய வண்டி என்று போய்ப் போய்ப் பார்த்து அறிக்கை எழுதியே தலை நரைத்தவன் நான். மற்றவர்கள் கண்ணுக்கு ரோட்டில் கார் போகும். என் கண்ணுக்கு அது ஏற்கெனவே நசுங்கியிருக்கும். அதனால்தான் ஆயுசில் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. இப்படிப்பட்டவன் வீட்டில், காலையில் நடைப்பயிற்சிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தங்கள் தங்கை டிரைவிங் ஸ்கூலுக்குப் போயிருக்கிறாள் மச்சான். தினமும் நடந்தும் உடம்பு இளைக்கவில்லையே என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது, ஒரு நாள் லைசென்ஸோடும் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு பழைய காரோடும் வாசலில் வந்து நின்றாள். ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்து ரிடையர் ஆனவள் அல்லவா, பயம் என்ற சாமானே அவளிடம் கிடையாது. பெண் கேட்டு வந்தபோது தாங்கள் இதை எங்களிடம் மறைத்துவிட்டீர்கள். போகட்டும்.

போன வாரம் நம் மகள் போன் செய்தாள். அவள் கால்நடை டாக்டராகி அந்தச் சின்ன ஊருக்கு வேலைக்குப் போய்ச் சில மாதம்தான் ஆகிறது. பேச்சு முழுக்க "எல்லாம் நல்லா இருக்கும்மா, நல்லா இருக்கும்மா." எனக்குச் சந்தோஷம். போனை வைத்த தங்கள் தங்கையோ என்னைப் பார்த்து, "இத்தனை தடவை நல்லா இருக்குன்னு சொன்னா நல்லா இல்லைன்னு அர்த்தம். நாளைக்குக் காலைல கிளம்புறோம்" என்றாள். "பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன். கார் சாவியை எடுத்து என் மூக்குக்கு நேராக ஆட்டினாள்.

கிளம்பினோம். கயிறு, டார்ச், கட்டுத்துணி, தையல் போடுமளவுக்கு மருந்து எல்லாம் நான் எடுத்துக்கொண்டேன். சாப்பாடு எடுத்துக்கொள்ள மறந்துவிட்டேன். முன் ஸீட்டில் உட்கார்ந்த நான் என் பக்கம் இல்லாத பிரேக்கை மிதித்த மிதியில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. ரோட்டில் ஒரு வட்டச் சந்திப்பு வந்தது. எந்தப் பக்கம் வெளியேறுவது என்று போனில் வழி சொல்கிற பெண்ணுக்கும் தங்கள் தங்கைக்கும் தகராறு. தகராறு முடிகிற வரைக்கும் சுற்றிக்கொண்டே இருந்தோம். இண்டிகேட்டர் போடுகிறேன் என்று வைப்பரைப் போட்டுவிட்டாள். பளிச்சென்று வெயில் அடிக்கிறது, வைப்பர் பாட்டுக்குக் கண்ணாடியைத் துடைக்கிறது. ஓரத்தில் டயர் கடை வாசலில் உட்கார்ந்திருந்தவர் முதலில் வேடிக்கை பார்த்தார், அப்புறம் கையசைத்தார், அதுக்கப்புறம் நாங்க அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் எழுந்தே நின்னார். நானும் மரியாதைக்குக் கையசைச்சேன். மூச்சு விடும் நேரம் போக மிச்ச நேரமெல்லாம் "பார்த்து, பார்த்து"ன்னு சொல்லிட்டே வந்தேன். "பார்த்துட்டுத்தான் ஓட்டுறேன். கண்ணை மூடிட்டு வர்றது நீங்கதான்"னு சொன்னவ, ஒரு மரத்தடியில வண்டியை நிறுத்தி, "பின்னாடி போய்ப் படுங்க. போர்வையை முகத்துக்கு மேல இழுத்துக்கோங்க. ஊர் வந்ததும் எழுப்புறேன்"னுட்டா. ஆபரேஷனுக்கு முன்னாடி நோயாளிகிட்ட பேசுற அதே குரல் மச்சான். மறுபேச்சுப் பேச முடியுமா? போய்ப் படுத்தேன்.

வழியில் பெட்ரோல் பங்க் வந்தது. அவள் இறங்கிப் பெட்ரோல் போடச் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், நான் சத்தமில்லாமல் மறுபக்கக் கதவைத் திறந்து இறங்கி, பின்னால் இருக்கிற கழிவறைக்குப் போனேன். போர்வையை அப்படியே குவித்துவிட்டுத்தான் போனேன். அதுதான் நான் செய்த ஒரே தப்பு. திரும்பி வந்து பார்த்தால் கார் இல்லை. தூரத்தில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு பொட்டு மட்டும் தெரிந்தது. வைப்பர் ஓடவில்லை, அந்த மட்டும் நிம்மதி.

என் போன் போர்வைக்குள்ளே. பங்க்காரர் இரக்கப்பட்டுத் தன் போனைக் கொடுத்தார். யார் நம்பரைப் போடுவது? இந்தக் காலத்தில் யாருக்கு யார் நம்பர் மனப்பாடம்? தெரிந்தது என் நம்பர் ஒன்றுதான். சரி, அடித்தால் அவள் எடுப்பாள் என்று எனக்கே நான் அடித்தேன். மணி அடிச்சு அடிச்சு ஓய்ஞ்சுபோச்சு. காருக்குள்ளே நடந்ததை அப்புறம் சொன்னா. போர்வை அலறியிருக்கு, இவ, "எடுங்களேன், யாரோ கூப்பிடுறாங்க பாருங்க"ன்னு போர்வையைப் பார்த்துக் கத்தியிருக்கா. போர்வை எடுக்கலை. "கோபமா இருக்கீங்களாக்கும்"னு விட்டுட்டா. பங்க்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துட்டு, "வீட்டுல சண்டையா சார்?"னு கேட்டார். இந்த வயசுல எனக்கு இது தேவையா மச்சான்?

அந்தச் சமயத்தில்தான் டீசல் போட ஒரு சின்ன லாரி வந்தது. பின்னால் நிறைமாதமாக ஒரு மாடு. பக்கத்தில் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓர் அம்மாள். விசாரித்தால் நாங்கள் போகிற அதே ஊர். முன்னால் டிரைவர் பக்கத்தில் தீவன மூட்டை, இடமில்லை. "அண்ணே, பின்னாடி ஏறிக்குங்க. இது முட்டாது. முட்டுற நிலைமையில இல்லை"ன்னு அந்த மாட்டுக்காரம்மா கை கொடுத்துத் தூக்கிவிட்டாங்க. வாழ்நாளெல்லாம் கார் ஸீட்டில பெல்ட் போட்டிருக்காங்களான்னு பார்த்தவன், மாட்டு முதுகைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

"காலைலேர்ந்து வலி, கன்னு வெளிய வரலை. டாக்டரம்மா போன் கிடைக்கலை. அதான் நேரா ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போறேன்"னாங்க. எனக்குச் சுரீர்ன்னுச்சு. "டாக்டரம்மா எப்படி?"ன்னு சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன்.

"போன மாசம் என்னோட இன்னொரு மாடு அந்தப் பொண்ணு கையிலதான் செத்துச்சு"ன்னாங்க.

மச்சான், எனக்கு லாரி ஓடுறதும் தெரியலை, மாடு என் சட்டையைச் சப்புறதும் தெரியலை. இதைத்தான் நம்ம பொண்ணு "நல்லா இருக்கு"ன்னு சொல்லியிருக்கா. "அதுக்கப்புறமும் அவகிட்டயேவா போறீங்க?"ன்னு கேட்டேன்.

"பின்ன யார்கிட்ட போறது? கடைசி வரைக்கும் அந்தப் பொண்ணு விடலையே. தாய் போயிடுச்சு, கன்னை எடுத்துட்டா. கையைக் கழுவிட்டுப் போயிடல. மண்ணுல உட்கார்ந்து என்னைவிட ஜாஸ்தியா அழுதா. நான்தான் அவளைத் தேத்தினேன். மறுநாள் தானே வந்து அந்தக் கன்னுக்குப் பால் புகட்டச் சொல்லிக்குடுத்தா. அது இப்ப வேலி தாண்டுது, பக்கத்து வீட்டுல தினம் திட்டு வாங்குறேன்."

கொஞ்ச நேரம் கழிச்சு, "அந்த டாக்டர் என் பொண்ணுதான்"னு சொன்னேன். அந்தம்மா என்னை நல்லாப் பார்த்தாங்க. நான் ரெண்டு கையாலயும் மாட்டுக் கழுத்தைக் கட்டிப்பிடிச்சிருந்தேன். "அதான் அந்தப் பொண்ணுக்கு அவ்வளவு தைரியம்"னாங்க. கிண்டலா நிஜமான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியலை.

இதற்குள் தங்கள் தங்கை என்ன செய்தாள் என்றால், போர்வையோடு பேசிக்கொண்டே பாதி வழி போய்விட்டாள். நாங்கள் கிளம்பிய அன்று விடியற்காலையில் மகள் தனியாக அவளைக் கூப்பிட்டு அழுதிருக்கிறாள், வேலையை விட்டுவிடுகிறேன் என்றிருக்கிறாள். எனக்குத் தெரிந்தால், 'கிளம்பி வந்துடும்மா, வீட்டுல பத்திரமா இரு' என்று நான் சொல்லிவிடுவேன் என்று பயந்து தங்கள் தங்கை மறைத்திருக்கிறாள். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததைப் போர்வைக்குச் சொல்லியிருக்கிறாள். "நீங்க அவளை வரச் சொல்லிடாதீங்க, உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்குறேன்" என்று முடித்துவிட்டு, பதில் வரவில்லையே, அழுகிறாரோ என்று வண்டியை ஓரம் கட்டிப் போர்வையை விலக்கினால், அங்கே என் போனும் ஒரு செருப்பும். (ஒற்றைச் செருப்போடுதான் நான் லாரியில் நின்றேன் என்பதை அவள் சொன்ன பிறகுதான் நானும் கவனித்தேன்.)

பங்குக்குத் திரும்பி ஓடி, "உங்க சார் மாட்டோட போயிட்டார்" என்ற தகவலை வாங்கிக்கொண்டு துரத்தி வந்தாள். நான் லாரிக்குப் பின்னால் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். வளைவில் கத்தரிப்பூ நிறம் தெரிந்தது. மச்சான், பொய் சொல்லக்கூடாது. உள்ளே உட்கார்ந்து பார்த்ததற்கும் வெளியே நின்று பார்த்ததற்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். எதிரில் வண்டி வந்தால் ஒதுங்குகிறாள், பள்ளம் வந்தால் வேகத்தைக் குறைக்கிறாள், லாரிக்கும் தனக்கும் நடுவே சரியான இடைவெளி விட்டு அளவெடுத்த மாதிரி வருகிறாள். பதறி ஓட்டுகிற வண்டி எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியாதா? இது அப்படிப் போகவில்லை. பக்கத்தில் "பார்த்து" சொல்ல ஆள் இல்லாவிட்டால் நன்றாகத்தான் ஓட்டுகிறாள். என்னைப் பார்த்ததும் ஹாரனை அடித்தாள். அடித்தது வைப்பர் இல்லை, ஹாரன்தான்.

ஆஸ்பத்திரி வாசல்ல லாரியும் காரும் ஒண்ணா நின்னுச்சு. நம்ம பொண்ணு வெளியே வந்தா. மாட்டுக்குப் பக்கத்துல அப்பன் நிக்கிறதைப் பார்த்துத் திகைச்சா. அப்புறம் மாட்டுக்காரம்மாவைப் பார்த்தா. முகத்துல ரத்தமே இல்லை. மாட்டை இறக்கிக் கட்டி, கையில சோப்பைக் குழைச்சுத் தோள் வரைக்கும் உள்ளே விட்டுப் பார்த்துட்டு, "ஒரு முன்னங்கால் பின்னாடி மடங்கியிருக்கு. போன தடவை மாதிரியே"ன்னு மெதுவாச் சொன்னா. சொல்லிட்டு என்னைப் பார்த்தா. வெளிய இருந்த கை நடுங்குச்சு. அந்த நடுக்கம் என்னோடது மச்சான், அச்சு அசல் என்னோடது. உங்க தங்கச்சி என்னையே பார்த்துட்டு நிக்கிறா, வாயைத் திறந்து என்ன சொல்லப் போறேனோன்னு. எனக்கு வாயில வந்தது "பார்த்தும்மா"தான். முழுங்கிட்டேன். "கயிறைக் குடு, நான் இழுக்கிறேன்"னேன்.

உங்க தங்கச்சி சட்டுன்னு கையை மடிச்சுவிட்டுக்கிட்டு வெந்நீர், சோப்பு, கயிறுன்னு பொண்ணு கேட்கிறதுக்கு முன்னாடியே நீட்டினா. பொண்ணு கன்னை மெதுவா உள்ளே தள்ளி, மடங்கின காலை நேராக்கி, ரெண்டு காலுக்கும் கயிறு போட்டா. "அது முக்கும்போது மட்டும் இழுங்கப்பா. அவசரப்படாதீங்க"ன்னா. நானும் லாரி டிரைவரும் இழுத்தோம். பொளக்குன்னு கன்னு வந்து என் மேல விழ, நான் டிரைவர் மேல விழ, அவர் தீவன மூட்டை மேல விழுந்தார். கன்னு அசையலை. பொண்ணு அதோட மூக்கைத் துடைச்சு, ஒரு வைக்கோலை எடுத்து மூக்குக்குள்ள விட்டுக் கிண்டி, விலாவைப் பரபரன்னு தேச்சா. அது ஒரு தும்மல் போட்டுச்சு பாருங்க! என் முகத்துல. ஆயுசுல அவ்வளவு சந்தோஷமா நான் எதையும் துடைச்சுக்கிட்டது இல்லை.

மாடு கன்றை நக்கிக்கொண்டிருந்தபோது, போர்வையோடு பேசியதையெல்லாம் தங்கள் தங்கை என்னிடம் ஒப்புக்கொண்டாள். அவள் நகர்ந்ததும் மகள் என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"அப்பா, நான் வேலையை விட்டுட்டு வந்துடலாம்னு இருந்தேன்."

"தெரியும்."

"அம்மா சொன்னாளா?"

"நேரா என்கிட்ட சொல்லலை. போர்வைகிட்ட சொல்லியிருக்கா."

விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு நின்றதும், லாரியில் மாட்டுக்காரம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். வேலி தாண்டுகிற கன்று வரைக்கும். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்குப் போய் அந்தக் கன்னையும் பார்த்துட்டு வரணும்" என்றாள். அவ்வளவுதான். வந்துவிடுகிறேன் என்ற பேச்சு அப்புறம் வரவே இல்லை. ரெண்டு நாள் தங்கினோம். நன்றாகச் சாப்பிடுகிறாள், வீடு சின்னது, ஜன்னல் பெரியது.

ஆனால் மச்சான், கன்று பிழைத்தது வேறு, கட்டிய கணவனைப் பெட்ரோல் பங்கில் விட்டது வேறு. இனி மாதாமாதம் மகளைப் பார்க்கக் காரில்தான் போவதாகத் தங்கள் தங்கை அறிவித்திருக்கிறாள். என் உடம்பு இதைத் தாங்காது. பெரியவர் என்ற முறையில் தாங்கள் உடனே புறப்பட்டு வந்து, அவளைக் கண்டித்து, கார் சாவியைப் பறிமுதல் செய்து கொண்டுபோகும்படி பாதம் பணிந்து கேட்டுக்கொள்கிறேன். அந்த வண்டியில் இனி நான் ஏறமாட்டேன். இது உறுதி.

அக்காவுக்கு என் வணக்கங்கள். பிள்ளைகள் சீரும் சிறப்புமாக, போகிற இடமெல்லாம் பத்திரமாக இருக்க என் ஆசிகள்.

தங்கள் அன்புள்ள,
தங்கை வீட்டுக்காரர்

பி.கு. (உறைக்கு வெளியே எழுதுவதற்கு மன்னிக்கவும். ஒட்டியாகிவிட்டது.) மச்சான், நீங்க வர வேண்டாம். சாவி என்கிட்டதான் இருக்கு. நாலு நாளா உங்க தங்கச்சி எனக்குக் கத்துக்குடுக்கிறா. எல்லாரும் சொல்ற அளவுக்கு ஒண்ணும் கஷ்டமில்லை. இந்தக் கடிதத்தைப் போட நானே ஓட்டிட்டு வந்தேன். இப்ப கார் பானெட் மேல வெச்சு இதை எழுதிட்டிருக்கேன். தபால் பெட்டி லேசா ஒரு பக்கம் சாய்ஞ்சிருக்கு, ஆனா வாய் திறந்துதான் இருக்கு. அடுத்த மாசம் உங்க வீட்டுக்கு வர்றோம். கேட்டை ரெண்டு பக்கமும் நல்லாத் திறந்து வையுங்க.