நாலு விரல் இடைவெளி

தன் கையால் செய்த கதவு எதுவும் இதுவரை கோணியதில்லை என்று தச்சருக்குக் கர்வம் உண்டு. அதனால்தான், நான்கு வயது மகள் முட்டியோடு முட்டி இடிக்க ஓடி வந்ததைப் பார்த்ததும் கையிலிருந்த இழைப்புளி நழுவிற்று. பிள்ளையைச் சுவரோடு நிறுத்தி அளந்தார். முட்டிகள் ஒட்டி நின்றன. கணுக்கால்களுக்கு நடுவே நாலு விரல் இடைவெளி.

"என் வீட்டுலயே கோணலா? ரெண்டு கட்டை செதுக்கி, தூங்கும்போது காலோட சேர்த்துக் கட்டிடுறேன்."

"கட்டுறதுக்குப் பிள்ளை என்ன பந்தல் காலா?" என்றாள் மனைவி. முன்னறையெல்லாம் சிதறிக் கிடந்த மரச்சுருளை அன்று மூன்றாவது தடவையாகப் பெருக்கிக்கொண்டிருந்தாள். "முதல்ல இந்தத் தூளுக்கு வழி பண்ணுங்க."

"அது காத்தடிச்சா தானா போயிடும். காலைப் பத்திப் பேசு."

மறுநாள் அவள் பிள்ளையை டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தபோது, தச்சர் இரண்டு கட்டையை இழைத்து, வார்ப்பட்டையும் அடித்து வைத்திருந்தார். அவள் கட்டைகளை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"கட்டை கட்டவே கூடாதாம்."

"பின்ன?"

"தினம் காலையில நீங்க குந்தி உட்கார்ந்து தரை துடைக்கணும். அவ எதிர்ல நின்னு உங்களைப் பார்த்துக் குந்தி எழுந்திரிக்கணும். பார்த்துப் பார்த்துக் கால் பழகிடும்."

"பெருக்கவும் செய்யணுமா?"

"பெருக்காம எப்படிங்க துடைப்பீங்க?"

அது நியாயமாகத்தான் பட்டது.

"எத்தனை நாளைக்கு?"

"ரெண்டு மூணு வருஷம் ஆகும். மட்டம் வைக்கிறவர் ஒருநாள்கூட மட்டம் போடக் கூடாது."

போடவில்லை. காய்ச்சல் அடித்த அன்றும் துடைத்தார். மகள் நாலு தடவை குந்தி எழுவாள்; பிறகு நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, "அப்பா, அந்த மூலை விட்டுப்போச்சு" என்பாள். மாதாமாதம் அளந்து கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டார். நாலு விரல் மூன்றானது. மூன்று இரண்டானது. தச்சருக்குத் தலைகால் புரியவில்லை. எதிர்வீட்டுத் தையல்காரரின் மகனுக்கும் முட்டி இடிக்கிறது என்று கேள்விப்பட்டு, வாளியோடு போய் வைத்தியம் சொல்லிக்கொடுத்தார். தையல்காரர் மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள்.

ஆறரை வயதில் மகளின் முட்டியும் கணுக்காலும் சேர்ந்தாற்போல் ஒட்டி நின்றன. தச்சர் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி டாக்டர் அறைக்குள் நுழைந்தார்.

"பாருங்க டாக்டர், நூல் பிடிச்ச மாதிரி. எல்லாம் நீங்க சொன்ன வைத்தியம்."

"நான் எந்த வைத்தியமும் சொல்லலையே" என்றார் டாக்டர். "நாலு வயசுல முட்டி இடிக்கிறது சகஜம். ஏழு வயசுக்குள்ள தானா நேராகிடும், ஒண்ணுமே செய்ய வேணாம்னு அன்னைக்கே உங்க வீட்டம்மாகிட்ட சொன்னேனே."

தச்சர் மெல்லத் திரும்பினார்.

"அப்போ ரெண்டரை வருஷமா நான் துடைச்சது?"

மனைவி மகளின் செருப்பு வாரைக் குனிந்து மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"கால்தாங்க தானா நேராகும். தரை தானா சுத்தமாகாதே."