நூற்றுக்கு நூறு வீத வாக்குப்பதிவு

உலக சனநாயக வரலாற்றில், பதினொரு ஆண்டுகள் தொடர்ச்சியாக நூற்றுக்கு நூறு வீத வாக்குப்பதிவு நடந்த இடம் ஒன்றே ஒன்றுதான். அதற்காகக் கிரேக்கத்துப் பக்கம் போய்த் தேட வேண்டாம். தென்லண்டனில், ஸ்ட்ரெதமில், பிளாஸ்ரிக் கதிரை போட்ட ஒரு தேவாலய மண்டபம் அது. கள்ள வோட்டு இல்லை, செல்லாத வோட்டு இல்லை, எண்ணுவதில் அடிபிடியும் இல்லை. ஏனென்றால் வாக்காளர் ஒருவர்தான். பெயர் கமலாம்பிகை.

‘லண்டன் தமிழ்ச் சமத்துவர் கழகம்’ பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் புரட்சிக்காரரை முன்மாதிரியாகக் கொண்டது. அரசனோடு போர் நடந்த அந்தக் காலத்தில், பிரபுவும் உழவனும் ஒரே மட்டம் என்று சிலர் சொல்லப்போக, அவர்களை ‘லெவலர்ஸ்’, அதாவது மட்டமாக்குகிறவர்கள், என்று ஊர் ஏசியது. கழகத் தலைவர் பாலேந்திரா இவர்களைக் கரைத்துக் குடித்தவர். மனிதரை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர இரண்டு வழி உண்டு என்று கண்டறிந்தவரும் அவரே. மேலே இருப்பவரைக் கீழே இறக்கலாம். இங்கிலாந்தார் அதைச் செய்யப்போய்த் தோற்றார்கள். கீழே இருப்பவரை மேலே ஏற்றலாம். கழகம் அதைச் செய்தது. பதினேழு உறுப்பினரில் பதினாறு பேருக்குப் பதவி. உபதலைவர்கள் மட்டும் ஆறு பேர். ஒலிவாங்கிப் பொறுப்பாளர் ஒருவர், அவருக்கு உதவியாளர் ஒருவர். ஒலிவாங்கிதான் இன்னும் வாங்கவில்லை.

பதவிகளைப் பங்கிட்ட அன்று கமலாம்பிகை குசினியில் றோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தாள். தட்டோடு வெளியே வந்தபோது எல்லாப் பதவியும் முடிந்துபோயிருந்தது.

பதவியில் இருப்பவர் வாக்களித்தால் ஊழல் வரும் என்று கழகத்தின் யாப்பு விதிகள் அவர்களுக்கு வாக்குரிமையை மறுத்தன. ஆகவே வருடாவருடம் அவளைக் குசினியிலிருந்து அழைத்து, திரை கட்டி, ‘இரகசிய’ வாக்கெடுப்பு நடத்தினார்கள். செயலாளர் குகதாசன் வாக்குப்பெட்டியாக வைத்த பிஸ்கட் ரின்னைத் திறந்து முடிவை அறிவிப்பார்: பாலேந்திராவுக்கு ஒன்று, எதிர்ப்பு பூச்சியம். ரின்னுக்குள் விழுவதை ஓர் எழுத்தும் விடாமல் சபையில் வாசிக்க வேண்டும் என்பது தலைவரே எழுதிய பதினாலாம் விதி. பதினொரு வருடமும் வாசித்தது அவருடைய பெயரின் ஐந்து எழுத்துத்தான்.

1997 ஒக்ரோபர் வந்தது. யார் யாருக்கு வாக்குரிமை என்று, அரசனோடு போரிட்ட படைவீரரும் தளபதிகளும் லண்டன் பட்னி தேவாலயத்தில் வாதாடி முந்நூற்றைம்பது வருடம். கழகம் விழா எடுத்தது. தலைவர் நூலகத்தில் ஒரு தடித்த புத்தகம் எடுத்து, முன்னுரையை ‘ஆழமாக’ ஆராய்ந்துவிட்டு, திருப்பிக் கொடுக்கும்படி கமலாம்பிகையிடம் தந்திருந்தார். அவள் உடனே கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதிக்கு ஷிப்டுக்குப் போகும் பஸ்ஸில் இருந்து, ஆறு கிழமையாக நாள்தோறும் வாசித்தாள். பிறகு நாலு பக்கம் எழுதினாள். நாற்பத்தாறு வயதில், ஒரு கூட்டத்தில் எழுந்து பேச வேண்டும் என்ற ஆசை முதல்முறையாக அவளுக்கு வந்தது. நினைத்தாலே வாய் உலர்ந்தது. ஆனாலும் ஆசை போகவில்லை.

விழாவன்று தலைவரிடம் கேட்டாள்.

“அண்ணை, எனக்கு ஐஞ்சு நிமிசம் தாங்கோ. அந்தப் பொம்பிளையளைப் பற்றிச் சொல்லவேணும்.”

“எந்தப் பொம்பிளையள்?”

1649இல் சிறையில் கிடந்த லெவலர்ஸ் தலைவர்களை விடுவிக்கச் சொல்லி, கடற்பச்சை நாடா குத்திக்கொண்டு நாடாளுமன்ற வாசலுக்குப் போன பெண்களைப் பற்றி அவள் சொன்னாள். வீட்டுக்குப் போய்க் கோப்பை கழுவுங்கள் என்று அவர்களைத் திருப்பி அனுப்பியதையும் சொன்னாள்.

“அருமையான விசயம்,” என்றார் தலைவர். “அதை நானே என்ரை பேச்சிலை சேர்க்கிறன்.”

“நான் சொல்ல ஏலாதோ?”

“எனக்கென்ன மறுப்பு, தங்கச்சி? ஆனால் விதிப்படி பதவி உள்ள ஆள்தான் பேசலாம்.”

“அப்ப எனக்கும் ஒரு பதவி தாங்கோ.”

தலைவர் அவளை மிகுந்த கவலையோடு பார்த்தார். “உமக்குப் பதவி தந்தால், பிறகு ஆர் வோட் போடுறது?”

சனநாயகத்தின் முழுப் பாரமும் தன் தலையில் என்று புரிந்துகொண்ட கமலாம்பிகை, உள்ளே போய்த் தேத்தண்ணிக்குக் கேத்தலை வைத்தாள். அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. கொஞ்ச நேரத்தில் கோபம் மட்டும் மிஞ்சியது.

தலைவர் ஐம்பத்தைந்து நிமிடம் பேசினார். அந்தப் பெண்களின் கட்டம் வந்ததும் குரல் தழுதழுத்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆறு உபதலைவர்களும் ஆங்கிலேயருக்காக ஒன்றாக வெட்கப்பட்டார்கள். அந்த நாடாளுமன்றத்தை வன்மையாகக் கண்டித்தும், முந்நூற்று நாற்பத்தெட்டு வருடத் தாமதத்துக்கு வருத்தம் தெரிவித்தும் பலத்த கரகோஷத்துடன் ஒரு தீர்மானம் நிறைவேறியது. கரகோஷம் முடிந்ததும், அந்த வருடத் தேர்தலுக்கு வாக்காளரை அழைத்தார்கள்.

கமலாம்பிகை ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். “அண்ணை, வோட்டுக்கு முதல் ஒரு கேள்வி.”

“பிறகு கேளும். ஆறு மணிக்கு ஹோலைப் பூட்டித் திறப்பைக் குடுக்கவேணும். கோப்பையள் எல்லாம் அப்பிடியே கிடக்கு. வோட்டைப் போட்டிட்டு அதை ஒருக்காப் பாரும்.”

அவள் திரைக்குப் பின்னால் போனாள். வழக்கத்தைவிட நேரம் எடுத்தது. முதலில் பென்சில் ஓடும் சத்தம், பிறகு எதையோ ரின்னுக்குள் திணிக்கும் சத்தம். வெளியே வந்தவள் குசினிக்குப் போகவில்லை. குளிர்கோட்டை மாட்டிக்கொண்டு வாசலடியில் நின்றாள்.

குகதாசன் ரின்னைத் திறந்தார். நாலு பக்கம் வெளியே வந்தது.

“அண்ணை, இது கட்டுரை மாதிரிக் கிடக்கு.”

தலைவர் மறிக்கப் பார்த்தார். குகதாசன் விதிக்குக் கட்டுப்பட்ட மனிதர். “பதினாலாம் விதி, அண்ணை,” என்று பணிவோடு சொல்லிவிட்டு எழுந்து நின்று வாசித்தார். பெண்கள் மனு எழுதினார்கள், கையெழுத்துச் சேர்த்தார்கள், வாசலில் நின்றார்கள், துரத்தினாலும் மறுபடி வந்தார்கள். யாரும் இருமவில்லை. வாசலடியில் கமலாம்பிகையின் உதடு கூடவே அசைந்தது.

நாலாம் பக்கத்தில் தலைவர் பொறுமை இழந்தார். “இதுக்குள்ளை என்ரை பேர் எங்கையாவது இருக்கோ?”

“கடைசிப் பந்தியிலை வருது, அண்ணை. பென்சிலாலை எழுதிக் கிடக்கு.”

தலைவர் நிம்மதியாகக் கதிரையில் சாய்ந்தார். குகதாசன் தொண்டையைச் செருமிக்கொண்டு, தேர்தல் முடிவை அறிவிக்கும் அதே குரலில் வாசித்தார்:

“‘பாலேந்திரா அண்ணை அந்த நாடாளுமன்றத்தைவிட எவ்வளவோ முற்போக்கானவர். அவர்கள் பெண்களை வீட்டுக்குப் போய்க் கோப்பை கழுவச் சொன்னார்கள். அவர் என்னை ஒருநாளும் வீட்டுக்குப் போகச் சொன்னதில்லை.’”