தொட்டிலுக்கு மேலே நாலு மட்டை

என் மகள் தினமும் வீரத்தின் முகத்தில்தான் கண் விழிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். அவளுக்கு வயது ஏழு மாதம். வீரம் பரண்மேல் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இறக்கினேன். ஒரு கிரிக்கெட் மட்டை, ஒரு ஹாக்கி மட்டை, நரம்பறுந்த டென்னிஸ் மட்டை இரண்டு.

"நாலு மட்டை. உங்களையும் சேர்த்தா அஞ்சு" என்றாள் மனைவி.

"இந்த பேட்டோட வரலாறு உனக்குத் தெரியுமா?"

"தெரியும். பதினோராவதா இறங்குவீங்க. பன்னிரண்டாவது ஆள் தண்ணி கொண்டு வர்றதுக்குள்ள திரும்பிடுவீங்க."

எனக்குள் இருந்த கலைஞன் வேலையில் இருந்தான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். வார்னிஷ் அடித்தேன். நீளப் பலகையில் நடுவே பேட், இரண்டு பக்கமும் டென்னிஸ் மட்டைகள், கீழே மீசை மாதிரி ஹாக்கி மட்டை. நரம்பறுந்த வட்டங்களுக்குள் என் புகைப்படங்கள். எடை போட்டுப் பார்த்தேன். ஒன்பது கிலோ. பக்கத்து வீட்டு டிரில்லை இரவல் வாங்கி, படுக்கையறைச் சுவரில் இரண்டு கொக்கி அடித்து மாட்டினேன். நேர் கீழே தொட்டில்.

மனைவி வந்தாள். சுவரைப் பார்த்தாள். தொட்டிலைப் பார்த்தாள். குனிந்து, தூங்குகிற குழந்தையின் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தாள். ஒரு நாளைக்கு இருபது முறை இது நடக்கும்.

"ஏங்க, வேற சுவர் கிடைக்கலையா?"

"வெளிச்சம் இங்கதான் விழுது."

"வெளிச்சம் விழலாம். வேற எதுவும் விழக் கூடாது."

"உனக்கு எதைப் பார்த்தாலும் பயம். கொசுவைப் பார்த்தா பயம், ஃபேனைப் பார்த்தா பயம். இந்தக் கொக்கியில ஆனையையே மாட்டலாம். பத்து வருஷம் அசையாது!"

"நிஜமாவா?"

"சத்தியமா."

"பாப்பா ஏழரை கிலோ இருக்கா."

ஏழரை என்றபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"ஆனையே தாங்கும்னா ஏழரை கிலோ எம்மாத்திரம்? பலகையை இறக்கிட்டு அதே கொக்கியில தொட்டிலை மாட்டிடுங்க. தொட்டில் ஸ்டாண்டு இடத்தை அடைக்குது."

"விளையாடுறியா? பெத்த குழந்தையைப் போய் கொக்கியில மாட்டுவாங்களா? பிடுங்கிக்கிட்டு வந்துட்டா?"

சுவரிலிருந்து எதுவும் விழவில்லை. என் வாயிலிருந்துதான் விழுந்தது.

"பிடுங்கிக்குமா?" என்றாள் மெதுவாக.

"அது... ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"பாப்பா கொக்கியில தொங்கினா பிடுங்கிக்கும். பாப்பா தலைக்கு மேல பலகை தொங்கினா பிடுங்காது. அப்படித்தானே?"

கணக்கு டீச்சர் விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்கும் குரல். ஆனால் அவள் கை குழந்தையின் தலைக்கு மேலே குடை மாதிரி விரிந்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால் கோபப்பட்டேன். அதுதான் எனக்குச் சுலபமாக வரும்.

"சரி, கழட்டிடறேன்! இந்த வீட்டுல ஒரு விளையாட்டு வீரனுக்கு இடமில்லை!"

"யாரு சொன்னா? கழட்டாதீங்க. அழகா இருக்கு."

ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அரை நிமிஷம் நினைத்தேன்.

"தொட்டிலும் நானும் கூடத்துக்குப் போயிடறோம். உங்க கட்டிலை இங்க இழுத்துப் போட்டுக்குங்க. பேட்டுக்கு நேர் கீழே தலை வர்ற மாதிரி. பத்து வருஷம் அசையாதே?"

"அ... அசையாது."

"சத்தியம் பண்ணியிருக்கீங்க."

மாட்டினவனே மாட்டிக்கொண்டேன். தொட்டில் போனது. குழந்தை போனது. டேபிள் ஃபேனும் போனது. கட்டிலின் மறுமுனையை அவளே பிடித்துத் தள்ளிக் கொடுத்தாள். அத்தனை பலம் அவளுக்கு எப்போது வந்தது என்று தெரியவில்லை.

கடைசியாக என் பைக் ஹெல்மெட்டைக் கொண்டுவந்து தலையணைமேல் வைத்தாள்.

"இது எதுக்கு?"

"சும்மா இருக்கட்டும். பாப்பாவுக்கு அப்பா வேணுமில்ல?"

"எடுத்துட்டுப் போ! என் வேலைமேல எனக்கு நம்பிக்கை இருக்கு!"

அவள் எடுத்துப் போகவில்லை.

மறுநாள் ஆபீசில் கேஷியர் என்னை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்ன சார், தாடைக்குக் கீழே வார் இறுக்கின மாதிரி தடம்?"