ஏழாம் பெட்டியில் பொலிவியா

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமறிய அவா என்று தொடங்குவதுதான் முறை. நான் நலமாக இல்லாததால் உன் நலத்தை மட்டும் விசாரித்துக்கொள்கிறேன். உன் மனைவியையும் கேட்டதாகச் சொல். என் பட்டமளிப்பு விழாவுக்கு டிக்கெட் போடச் சொல்லியிருந்தேனே, அதை உடனே ரத்து செய்துவிடு.

நீ கல்லூரிக்குப் போக வேண்டும் என்று நான் பதினெட்டு வயதில் தபால் வேலைக்குப் போனேன். அதில் எனக்கு வருத்தமே இல்லை என்று இத்தனை வருஷமாக உன்னிடம் சொல்லிவந்தது பச்சைப் பொய். கூடத்தில் உன் பட்டப் படத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆணியை அடித்து வைத்துவிட்டுத்தான், ஓய்வு பெற்ற மறுமாதமே பட்டப்படிப்பில் சேர்ந்தேன். மத்திய ஆசியாவின் வரலாறு, அரசியல், பொருளாதார வளர்ச்சி. வெளிநாட்டுத் தபால் பிரிக்கும் பிரிவில் இருபத்தெட்டு வருஷம் இருந்தவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? கண்ணை மூடிக்கொண்டு வீசினாலும் தாஜிகிஸ்தான் கடிதம் என் கையிலிருந்து ஏழாம் பெட்டியில்தான் போய் விழும். உஸ்பெகிஸ்தானும் அங்கேதான். கிர்கிஸ்தானும் அங்கேதான். பொலிவியாவும் அங்கேதான்.

உனக்குச் சிரிப்பு வருகிறதா? எனக்கு வரவில்லை. ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் முழுக்க பொலிவியா, நாற்பத்து மூன்று பக்கம். கடல் கிடையாது, மலை உண்டு, சுரங்கம் உண்டு. அப்படியே கிர்கிஸ்தானின் கூடப் பிறந்தது மாதிரி. இவ்வளவு ஒற்றுமை இருந்தும் அக்கம்பக்கத்து நாடுகளோடு அது ஏன் பேச்சுவார்த்தையே வைத்துக்கொள்ளவில்லை என்று ஆறு பக்கம் மனம் நொந்து எழுதியிருக்கிறேன். நெறியாளர் அம்மா, “தலைப்பே புதுசா இருக்கு சார், இதுவரைக்கும் யாரும் தொடாத விஷயம்” என்றார். யார் தொடுவார்கள்?

சமையலறைச் சுவரில் பெரிய உலகப் படம் ஒட்டியிருந்தேன். இடது பக்கம் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் போய்விட்டது. பொலிவியா கண்ணில் படவில்லை, அச்சில் விட்டுப்போயிருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன். நேற்று ஃபிரிட்ஜ் ரிப்பேர்காரர் வந்து அதை நகர்த்தினார். உன் அண்ணி எட்டிப் பார்த்துவிட்டு, “ஏங்க, நீங்க தேடின பொலிவியா இங்க ஒளிஞ்சிருக்கு” என்றாள். ரிப்பேர்காரர் விரலால் அளந்து பார்த்துவிட்டு, “இது தென் அமெரிக்கா சார், நடுவுல கடலே இருக்கே” என்றார்.

பழைய மேற்பார்வையாளருக்குப் போன் போட்டேன். நான் அந்தப் பிரிவுக்கு வருவதற்கு முந்தின மாதம், பொலிவியா கடிதங்கள் போகவேண்டிய பன்னிரண்டாம் பெட்டியின் அடிப்பலகை விழுந்துவிட்டதாம். “தச்சர் வர்ற வரைக்கும் இருக்கட்டும்னுதான் பொலிவியாவ ஏழுல போட்டேன்” என்கிறார். தச்சர் இன்னும் வரவில்லை.

நெறியாளர் அம்மாவிடம் ஓடினேன். “நான் முன்னுரையும் முடிவுரையும்தான் சார் படிச்சேன், வெளிய சொல்லிடாதீங்க” என்று தலையில் கை வைத்துக்கொண்டார். ஆய்வேடு தேர்வாளர் கைக்குப் போயாகிவிட்டது. வியாழக்கிழமை வாய்மொழித் தேர்வு. அறுபத்து மூன்று வயதில் நாலு பேர் முன்னால் மானம் போக வேண்டும் என்று என் தலையெழுத்து. ஆணியைப் பிடுங்கிவிட்டேன். சுவரில் ஓட்டை மட்டும் இருக்கிறது. சாப்பிட உட்கார்ந்தால் அதுதான் தெரிகிறது.

நீங்கள் இருவரும் எதையும் படத்தைப் பார்த்துச் சரிபார்த்து, நீண்ட நாள் நிம்மதியாக வாழ ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
எந்தக் கண்டத்திலும் இடமில்லாத
உன் அண்ணன்

பி.கு: உறையை ஒட்டுவதற்குள் தேர்வாளரின் அறிக்கை வந்துவிட்டது. மற்ற அத்தியாயங்கள் எல்லாரும் எழுதுவதுதானாம். மூன்றாம் அத்தியாயம் துணிச்சலான ஒப்பீடாம். அவருக்கு ஒரே ஒரு கேள்விதான்: இந்த நாடுகளை ஒன்றாகச் சேர்த்ததற்கு அடிப்படை என்ன? நான் மறுபடியும் உலகப் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உன் அண்ணியோ, “இருபத்தெட்டு வருஷ அனுபவம்னு சொல்லுங்க, பொய் இல்லையே” என்கிறாள். டிக்கெட்டை ரத்து செய்திருந்தால் மறுபடி போடு. வரும்போது ஓர் ஆணி கொண்டு வா. பழையது பிடுங்கும்போது வளைந்துவிட்டது.