முக்கோணம் கேட்ட மேசை

ஒலிபெருக்கியைச் சுமக்க மேசை விளிம்பைக் கவ்வ வேண்டிய இரும்புத் தாங்கி சுவரில் இடித்துக்கொண்டு நின்றது. மேசைக்கும் சுவருக்கும் இடையே விரல் நுழையவும் வழியில்லை.

“ஒரு சாண் முன்னால இழுத்தாப் போதும்,” என்றான் எடில்பெர்தோ.

“இழு. ஆனா இது நான் துணி வெட்டுற மேசை, ஞாபகம் இருக்கட்டும்,” என்றாள் அவன் மனைவி நூரிஸ்.

பர்ரான்கியா நகரத்துத் தெருவிழாக்களை ஆட்டிப்படைப்பது ‘பைத்தியக் கொசு’ என்னும் பிக்கோ. லாரியில் வந்திறங்கும் ராட்சத ஒலிபெருக்கி. அது முழங்குவதற்காக எடில்பெர்தோ செய்து கொடுத்த பாடல்கள் மூன்று. ‘கிதாரே கேக்கலை’ என்று திரும்பி வந்தவையும் மூன்று! நான்காவதை வாங்க இன்று மாலை ஆள் வருகிறார். இதுவும் திரும்பினால், திங்கள் முதல் மைத்துனனின் டயர் கடையில் வேலை. நூரிஸுக்கு அவன் கொடுத்த வாக்கு அது.

குறை பாட்டில் இல்லை, வீட்டில் பாட்டுச் செய்யும்போது கேட்கிற இரண்டு ஒலிபெருக்கிகளை வைத்த இடத்தில் இருக்கிறது என்று இணையத்தில் ஒருவன் சொன்னான். யார் அவன்? தெரியாது. எதற்காகச் சொன்னான்? தாங்கி விற்பதற்காக! கேள்வி கேட்கப் பிறந்த மனிதன் கேள்வியைக் கைவிட்டான். அளவுநாடாவைக் கையில் எடுத்தான்.

ஒற்றை அறை வீடு. மேசை நகர்ந்ததும் ஃபிரிட்ஜ் கதவு அடைபட்டது.

“உள்ள எலுமிச்சம்பழம் இருக்குய்யா! சூப்புக்கு வேணும்!”

“இன்னிக்குப் புளிப்பில்லாமக் குடிப்போம்.”

இரண்டு ஒலிபெருக்கிகளுக்கும் நடுவே ஒன்றரை மீட்டர். ஒவ்வொன்றிலிருந்தும் தலைக்கு ஒன்றரை மீட்டர். சமபக்க முக்கோணம் கம்பீரமாக அமைந்தது. அதன் மூன்றாம் முனை மட்டும் வாசற்படிக்கு வெளியே விழுந்தது. நாற்காலி தெருவுக்குப் போயிற்று. காது உயரம் போதவில்லை; பீர்ப் பெட்டிகளை அடுக்கி, நாற்காலியை மேலேற்றி, தானும் ஏறி அமர்ந்தான்.

எதிர்வீட்டு எதில்வியா நின்று பார்த்தாள். “என்ன தம்பி, தேர்தல்ல நிக்கிறியா?”

“ஒலி சரியாக் கேக்குதான்னு பாக்குறேன் அக்கா!”

“எனக்கு அங்க படுத்துக்கிட்டே கேக்குதே!”

வலப்பக்கத் தாங்கி அரை விரற்கடை சாய்ந்திருந்தது. பொறுப்பானா? இறங்கினான், திருகினான். இடமும் வலமும் இம்மியும் பிசகாத சமத்துவம் மலரும் வரை திருகினான்! மேசைப் பலகை சடசடவெனப் பிளந்தது. தாங்கி தலைகுப்புறச் சாய்ந்தது. வலப்பக்க ஒலிபெருக்கி, அடுப்பில் கொதித்த மீன் சூப்புக்குள் பாய்ந்தது.

கரண்டியோடு நின்ற நூரிஸ் சொன்னாள்: “உப்புதான் பத்தலைன்னேன். ஸ்பீக்கர் போடச் சொல்லலை!”

மணி மூன்று. மிஞ்சியது ஒன்றே ஒன்று. பாட்டில் இடப்பக்கம் வைத்த முரசையும் வலப்பக்கம் ஒதுக்கிய கிதாரையும் அந்த ஒன்றிலேயே கேட்டாக வேண்டும். வேறு வழியின்றி இடம் வலம் பிரிக்காமல் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து கொட்டினான்.

நான்கு மணிக்கு லாரி வந்தது. பிக்கோவின் சொந்தக்காரர் வில்மெர் இறங்கினார். பாட்டை வாங்கி அங்கேயே கொசுவில் ஓடவிட்டார். தெரு அதிர்ந்தது. எதில்வியா ஆடினாள். நூரிஸ் கரண்டியோடு ஆடினாள்.

“இதுடா பாட்டு!” என்று வில்மெர் அவனைக் கட்டிக்கொண்டார். “சனிக்கிழமை விழாவுல முதல் பாட்டே இதுதான்!”

எடில்பெர்தோவின் நேர்மை குறுக்கே நின்றது. “மன்னிச்சிருங்கண்ணே. ஒண்ணு சூப்புல விழுந்துருச்சு. ஒத்த ஸ்பீக்கரை வெச்சுத்தான் செஞ்சேன்.”

லாரி ஓட்டுநர் ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

“அதான் கிதார் கேக்குது! எங்க கொசுவுல இருக்குறதே ஒத்தப் பெட்டிதானேப்பா, அதுல இடப்பக்கக் கம்பி மட்டுந்தானே சொருகியிருக்கு!”